பின்வளவுக் காளான் நிர்ணயக் குழு

மனித குலம் காளானை அணுகிய முறைகளில் மிகவும் முன்னேற்றமானது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லிவிடலாம். 1998 ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய கிளாக்கர் பஞ்சலிங்கம் அணுகிய முறைதான் அது. அவருக்கு முந்திய மனிதர்கள் காளானைக் கண்டார்கள், பறித்தார்கள், தின்றார்கள். பிறகு பிழைத்தார்கள் அல்லது செத்தார்கள். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு கூட்டமாவது கூட்டினார்களா என்றால், இல்லை.

பஞ்சலிங்கம் அப்படிப்பட்டவர் அல்ல. இரத்தினபுரியில் நடந்த 'பங்கேற்பு முறையில் தீர்மானமெடுத்தல்' என்ற வதிவிடப் பயிற்சிப் பட்டறையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். போகும்போது ஒரு மனிதராகப் போனவர், வரும்போது ஒரு 'வளவாளராக' வந்தார். பையில் நாலு நிறத்தில் மட்டைத் துண்டுகள் இருந்தன. பேச்சில் 'அடிமட்ட மக்கள்' இருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, பின்வளவைப் பாத்தனீங்களோ?" என்றார் மனைவி விமலாதேவி. "பலா மரத்தடியில காளான் குடை குடையாய் நிக்குது. பறிச்சுக் கறி வைக்கட்டோ?"

யாழ்ப்பாணத்தில் வேலி ஓரம் முளைத்ததை விமலாதேவி இப்படிக் கேட்டதில்லை. அங்கே தெரிந்த காளான். இங்கே மழையும் வேறு, மண்ணும் வேறு. அதனால்தான் கேட்டார்.

"ஒண்டையும் தொடாதையும்!" என்றார் பஞ்சலிங்கம். "இது தனிமனித முடிவில்லை."

அன்று பத்து மணிக்கே 'பின்வளவுக் காளான் நிர்ணயக் குழு' உதயமாயிற்று. தலைவர் பஞ்சலிங்கம். மருத்துவ ஆலோசகர், தோட்டத்து டிஸ்பென்சர் ஜுனைதீன். மாவனல்லைக்காரர், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனங்களுக்கு 'டொக்டரையா'. சமூகப் பிரதிநிதி, நலன்புரி உத்தியோகத்தர் சுதர்ஷினி. மூவரும் குடை பிடித்துக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டிருந்த காளான்களைச் சுற்றி நின்றார்கள். யார் யாரை ஆராய்கிறார்கள் என்று பலா மரத்துக்கே சந்தேகம் வந்திருக்கும்.

முதலில் நிற மட்டைகள் பலா மரத்தில் குத்தப்பட்டன. பலம்: மணம். பலவீனம்: பெயர் தெரியாமை. வாய்ப்பு: மத்தியானக் கறி. அச்சுறுத்தல்: மரணம்.

"அருமை!" என்றார் பஞ்சலிங்கம். "பிரச்சினை இப்ப தெளிவாகிட்டுது."

பிரச்சினை மட்டும்தான் தெளிவாகியிருந்தது.

"உள்ளிப் பல்லுப் போட்டு அவிக்கணும்" என்றார் ஜுனைதீன், பூண்டைச் சொல்லி. "உள்ளி கறுத்தா நஞ்சி ஈக்குதுன்னு எங்கட உம்மா சொல்லுவா."

"வெங்காயம்னுதானே சேர் சொல்லுவாங்க?" என்றாள் சுதர்ஷினி.

"உள்ளி."

"வெங்காயம் சேர்."

வாக்கெடுப்பு நடந்தது. ஆளுக்கொரு வாக்கு விழுந்ததால் தலைவரின் வாக்கு தேவைப்பட்டது. தலைவர் நடுநிலை வகித்தார்.

பிறகு சுதர்ஷினி ஒரு புத்தகத்தைத் திறந்தாள். பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன காளான் படப் புத்தகம். படத்தில் ஒரு காளான் அசல் இதேபோல் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி உறைபனி கிடந்தது.

"இஞ்ச உறைபனி இல்லை" என்று பஞ்சலிங்கம் முடிவு செய்தார். "ஆகவே இது அது இல்லை."

இந்த இடத்தில்தான் வேலிக்கு அப்பால் ஒருவர் செருமினார். மேல்பிரிவுத் தொழிலாளி காத்தமுத்து. தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணிச் சாக்கு, கையில் செருப்பு. கூட்டம் தொடங்கியதிலிருந்தே அங்கேதான் நின்றிருந்தார்.

"ஐயா, கும்புடுறேங்க. சம்சாரத்துக்கு நாலஞ்சு நாளாக் காய்ச்சலுங்க. நேத்துலருந்து கண்ணே தொறக்கல. டொக்டரையா ஒரு எட்டு லயத்துக்கு வந்து பாத்தீங்கன்னா..."

"டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டு வா" என்றார் ஜுனைதீன், காளானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நடக்க முடியலைங்களே."

"அப்ப நடக்க ஏலுமானதும் கூட்டிட்டு வா."

"லொறியாவது குடுத்தீங்கன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவேங்க."

"நோயாளியைப் பாத்துத்தானே நான் லொறிக்குத் துண்டு எழுதணும்? பாக்காம எழுதினா அது நேர்மையா?"

ஜுனைதீன் நேர்மையானவர். லயம் இருந்த மேட்டில் அவர் ஏறிப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தோட்டத்தில் இல்லை. மருந்து அறையின் கதிரையை விட்டு அநாவசியமாக எழும்பி, தோட்டம் தந்த காலணியைத் தேய்த்ததாக அவர் மீது ஒரு குற்றச்சாட்டும் கிடையாது.

பஞ்சலிங்கம் காத்தமுத்துவுக்காக மனம் இளகினார். பட்டறையில் 'அடிமட்ட மக்களின் குரலுக்குச் செவி சாய்த்தல்' என்று ஒரு முழு அமர்வு இருந்தது. அவர் செவியைச் சாய்த்தார். ஒரு நிமிடம் சாய்த்தபடியே இருந்துவிட்டு, "நாளைக்கு அலுவலகத்துக்கு வா, பாப்பம்" என்றார்.

காத்தமுத்து போகவில்லை. மழையில் அப்படியே நின்றார்.

அப்போது சுதர்ஷினி மெதுவாகச் சொன்னாள். "சேர், நம்ம செயன்முறையில ஒரு குறை இருக்கு. சமூகப் பங்களிப்பு இல்ல."

குழு ஒரே சமயத்தில் காத்தமுத்துவைப் பார்த்தது. அத்தனை அன்பான பார்வையை அவர் அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் கண்டதில்லை. பயந்துபோய் ஓர் அடி பின்னால் வைத்தார்.

அரை மணித்தியாலத்தில் கறி தயார். தேங்காய்ப்பால் விட்டு, கறிவேப்பிலை போட்டு, ஊர் முழுக்க மணத்தது. ஆனால் சமையலறையில் விமலாதேவி அகப்பையை வைத்துவிட்டு நின்றார்.

"நீங்கள் தின்னப் பயப்பிடுற சாமானை அந்த மனுசனுக்குக் குடுக்கிறது என்ன நியாயம்?"

"பயமில்லையப்பா! இது பங்கேற்பு."

"அப்ப நீங்களும் பங்கேற்கலாம்தானே?"

"நான் வசதிப்படுத்துநர். வசதிப்படுத்துநர் பங்கேற்கக் கூடாது. அது அடிப்படை."

எனாமல் கோப்பையில் கறி வெளியே வந்தது. பஞ்சலிங்கம் தன் கையாலேயே கொடுத்தார். குவாட்டர்ஸ் வாசலில் லயத்து ஆளுக்குக் கையால் கொடுப்பது அங்கே வழக்கமில்லை. படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். காத்தமுத்து கோப்பையைப் பார்த்தார். பிறகு மூன்று முகங்களையும் பார்த்தார்.

"நீங்கல்லாம் சாப்பிட்டீங்களாங்கய்யா?"

"நாங்கள் பிறகு."

"பொறகுன்னா எப்பங்க?"

"நாளைக்கு" என்றார் பஞ்சலிங்கம். "காலமைப் பெரட்டுக்குப் பிறகு. நீ பெரட்டுக்கு வருவாய்தானே?"

"பேரு கூப்புட்டா வந்துதானேங்க ஆகணும்."

"அதுதான் எங்களுக்கும் வேணும்" என்றார் ஜுனைதீன் ஆர்வத்தோடு. "கட்டாயம் வா. வராம ஈக்காதே."

காத்தமுத்து டொக்டரையாவின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கோப்பையைக் கொங்காணிக்குள் மறைத்துக்கொண்டு, "சரிங்க" என்று மேட்டில் ஏறினார். குழு அன்றைய அமர்வை நன்றியுரையுடன் முடித்துக்கொண்டது.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் பெரிய கிளாக்கரும் டிஸ்பென்சரும் நலன்புரி உத்தியோகத்தரும் சேர்ந்து வந்து நின்றது, தோட்ட வரலாற்றில் முதல் தடவை. துரை மாறுகிறார் என்று சிலரும், சம்பளம் கூடுகிறது என்று விபரமில்லாத சிலரும் பேசிக்கொண்டார்கள்.

கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டார்.

"காத்தமுத்து!"

பதில் இல்லை.

"ஏய், காத்தமுத்து!"

காளானை வாயிலும் வைக்காத பஞ்சலிங்கத்துக்குத் தன் கையால் கொடுத்தது நினைவுக்கு வந்து, அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். 'அச்சுறுத்தல்: மரணம்' என்று எழுதிய மஞ்சள் மட்டை கண் முன்னால் ஆடியது. எழுத்து அவருடையது.

"டொக்டரையா!" என்று அலறினார். ஜுனைதீனை அவர் அப்படி அழைத்தது அதுவே முதல் முறை.

ஜுனைதீன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். மருந்துப் பை தோளில், சேலைன் போத்தல் கக்கத்தில், காலெல்லாம் இரத்தம் குடிக்கும் அட்டை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று மேட்டில் பாய்ந்தார். பஞ்சலிங்கம் இரண்டு தரம் சறுக்கி விழுந்தார். சுதர்ஷினி லொறிக்காரனுக்குக் கத்திச் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினாள்.

லயத்துக் காம்பரா வாசலில் காத்தமுத்து குந்தியிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா" என்று எழும்பினார்.

ஜுனைதீன் பாய்ந்து அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "வாந்தி? வயித்தால போகுதா? கண்ணு இருட்டுதா?"

"எனக்கு ஒன்னுமில்லைங்க. குனிஞ்சு வாங்க, நெல இடிச்சிரும். உள்ள இருக்கா பாருங்க."

உள்ளே சாக்கு விரிப்பில் அவர் மனைவி அழகம்மா சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. இவ்வளவு தூரம் ஓடி வந்து, பையையும் திறந்தபிறகு, பார்க்காமல் திரும்பச் சுற்றறிக்கையில் இடமில்லை. ஜுனைதீன் மண்டியிட்டார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. அந்த முகத்தில் அப்போது இருந்தது மட்டும் நடிப்பில்லை.

"நெஞ்சில சளி கட்டீக்குது. இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." என்று நிறுத்தி, துண்டை எழுதினார். அவசரத்தில் எழுதியதால் எழுத்து வழக்கத்தை விடத் தெளிவாக இருந்தது.

லொறி வந்து சேர்ந்தது. அழகம்மாவைச் சாக்கோடு தூக்கி ஏற்றினார்கள். பஞ்சலிங்கமும் ஒரு முனையைப் பிடித்தார். காத்தமுத்து பின்பலகையில் ஏறி, மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் ஒரு குழுத் தலைவருக்குக் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? லொறி உறுமத் தொடங்கியதும் பஞ்சலிங்கம் பின்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"காத்தமுத்து, உண்மையைச் சொல்லு. அந்தக் கறியைத் திண்டியா, இல்லையா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப கறி எங்க?"

"இன்னிக்கு விடியக்காலையில கீழ் லயத்துப் பழனியாண்டிக்கிட்ட குடுத்திருக்கேங்க" என்றார் காத்தமுத்து. "அவன் புள்ளைக்கும் காய்ச்சலு. திங்காதடா, சும்மா மூடி வச்சுக்கிட்டு நாளைக்குப் பெரட்டுக்குப் போகாம இரு, டொக்டரையா ஓடியாருவாருன்னு சொல்லியிருக்கேன்."