சுளகர் மறைத்த காட்சிகள்

வன்னிப் பெருநிலப்பரப்பிலேயே ஆகக் கூடுதலான ஆபாசக் காட்சிகளைப் பார்த்து முடித்த மனிதர் எங்கள் சுளகர்தான். அத்தனையையும் அவர் ஊரின் ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்காகவே பார்த்தார் என்பதுதான் விசேஷம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை யாரும் புழங்கிக் கேட்டதில்லை. எங்கள் ஊரான நெளுக்குளத்தில் கலியாணமோ திருவிழாவோ செத்தவீடோ, ஒலிபெருக்கியும் ரியூப்லைற்றும் கட்டுகிறவர் அவர். புரொஜெக்டர் வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான். ஆகவே நாங்கள் சிலர் சேர்ந்து படக்கழகம் தொடங்கியபோது அவர் இல்லாமல் திரை வெளிக்காது என்றாகிவிட்டது. கழகத்துக்கு நான் தலைவர். புத்தகம் படிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்துக் களைத்தவர்கள் கொடுத்த பதவி அது.

சனிக்கிழமை பின்னேரங்களில் பொதுமண்டபத்தில் பெரியவர்களுக்குப் படம் போடுவோம். மண்டபத்தைப் பூட்டுகிற திறப்பு ஊர்ச் சங்கச் செயலாளரின் இடுப்பில் தொங்கும். ஒருநாள் கௌசி ஜப்பானிய அனிமே ஒன்றைக் கொண்டுவந்தாள். கௌசி வங்கியில் வேலை பார்ப்பவள். மிச்ச நேரமெல்லாம் பென்சிலும் கையுமாகப் படம் கீறுகிறவள். "காட்டூன்தானே, நானும் பாப்பம்" என்று செயலாளர் முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தார்.

படத்தில் உலகம் அழியப்போகிறது. அதைத் தடுக்கக்கூடிய ஒரே மந்திரக்காரி, அவசரம் ஒன்றுமில்லை என்பதுபோல வெந்நீர் ஊற்றில் குளிக்க இறங்கினாள். நீராவி எங்கெல்லாம் இருக்கவேண்டுமோ அங்கெல்லாம் இல்லை. செயலாளர் இருமினார். அந்த நேரம் பார்த்து, நெல் புடைக்கிற சுளகு ஒன்றில் அவித்த கடலையைக் குவித்துக்கொண்டு வந்தா ஒலிபெருக்கிக்காரரின் மனைவி பரமேஸ்வரி அக்கா. நம்மவர் சுளகைப் பறித்து லென்சுக்கு முன்னால் பிடித்தார். கடலை மண்டபமெங்கும் உருண்டது. மானம் தப்பியது.

"இனி அந்தச் சுளகு இல்லையெண்டா மண்டபமும் இல்லை" என்றார் செயலாளர். அன்றிலிருந்து நம்மவர் சுளகர் ஆனார்.

பதவியை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே மறைப்பது என்று தெரியவேண்டுமானால் முன்கூட்டியே பார்க்கவேண்டும் அல்லவா? ஒலிபெருக்கிகள் அடுக்கிய கொட்டிலுக்குள் இருந்து, காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு, கைபேசியில் படங்களைப் பார்ப்பார். ஒருமுறை பரமேஸ்வரி அக்கா பின்னால் வந்து நின்றுவிட்டா.

"ஆரப்பா அவள்?"

"ஜப்பான்காரி."

"ஏன் உடுப்பைக் காணேல்லை?"

"அதைத்தானப்பா நானும் தேடிக்கொண்டிருக்கிறன்."

"தேடி முடிஞ்சா சாப்பிட வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா அக்கா.

சுளகால் படத்தை மறைக்கலாம். சத்தத்தை என்ன செய்வது? ஒலிபெருக்கிக்காரருக்கு அது ஒரு பிரச்சினையா? சுளகு மேலே போகும்போதே மற்றக் கை கலியாணவீட்டுக் கெட்டிமேள ஒலிப்பதிவைத் தட்டிவிடும். ஜப்பானில் கடைசிவரை கலியாணம் கட்டாத எத்தனையோ சோடிகள் நெளுக்குளத்தில் முறைப்படி மேளதாளத்தோடு ஒன்றுசேர்ந்தார்கள். இதில் ஒரேயொரு சங்கடம், சுளகின் பின்னலுக்குள்ளால் வெளிச்சம் பொட்டுப்பொட்டாகக் கசியும். திரையில் இருந்ததைவிட மோசமான ஒன்றை ஒவ்வொருவரும் அந்தப் பொட்டுகளில் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கூட்டம் கிழமைக்குக் கிழமை கூடியது.

படம் முடிந்தபிறகுதான் உண்மையான சண்டை தொடங்கும். ஒருமுறை வாள் வீசும் வீராங்கனை ஒருத்தியின் கதை. சுளகர் தொடங்கினார்.

"பிள்ளை கௌசி, சண்டைக்குப் போறவள் தோளுக்கு மட்டும் இரும்பு போட்டிருக்கிறாள். நெஞ்சும் வயிறும் திறந்து கிடக்கு. உயிர் என்ன தோளிலையோ இருக்கு?"

"அது ஒரு ஸ்டைல், அங்கிள்."

"பக்கத்திலை நிக்கிறவனுக்குக் கழுத்துவரைக்கும் இரும்பு. ஆம்பிளையளுக்கு ஸ்டைல் தேவையில்லையோ?"

தலைவர் என்ற முறையில் நான் குறுக்கிட்டேன். மனித உடலைக் கொண்டாடுவது கலையின் பழைய உரிமை என்றேன். கோபுரச் சிற்பங்களைத் துணைக்கு அழைத்தேன். உடலுக்கு வெட்கப்படுவது பிற்காலத்து நோய் என்று ஒரு போடு போட்டேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"தம்பி, கோபுரத்திலை நிக்கிறவளைப் பாக்க நாங்கள் அண்ணாந்து கழுத்து நோக வேணும்" என்றார் சுளகர். "உந்தப் படத்திலை கமராக்காரன் குனிஞ்செல்லோ பாக்கிறான். அவள் வாளை எடுக்கேக்கை வாளைக் காட்டாமல் வேறை எதையோ காட்டுறான். சண்டையிலை ஆர் வெண்டதெண்டு எனக்கு இன்னும் தெரியாது."

கௌசி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தலைவர், அங்கிள் சொல்லுறதிலை ஞாயம் இருக்கு" என்றாள். கோபுரங்கள் என்னைக் கைவிட்டன.

இப்படியே போயிருந்தால் சுளகர் ஒரு பகிடியாக மட்டும் மிஞ்சியிருப்பார். ஆனால் கௌசி ஒரு துறைமுகத்துப் படத்தைக் கொண்டுவந்தாள்.

அதுவும் அனிமேதான். சிறிய துறைமுகம் ஒன்றின் மதுக்கடையில் ஆடுகிற பெண், நாற்பதை நெருங்குகிறவள். தொடக்கத்தில் அவள் ஆடுகிறாள். படம் அவள் உடம்பின்மீது எறும்பு ஊர்வதுபோல ஊர்கிறது: குதிக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு, கழுத்து. மினுங்கும் துணி, வியர்வை, சிவப்பு வெளிச்சம். முகத்தைக் காட்டுவதே இல்லை. பார்க்கிறவன் வாயைத் திறந்துகொண்டு பார்க்கவேண்டும் என்றே கீறியிருந்தார்கள். அரை மணித்தியாலம் கழித்து அவள் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் இருக்கிறாள். அதே ஊர்தல், அதே வரிசை. குதிக்காலில் வெடிப்பு. வீங்கிய முழங்காலில் அவள் தைலம் தேய்க்கிறாள். இடுப்பில் துணி இறுக்கிய தழும்பு. கடைசியாகக் கழுத்து. அதற்கு மேலே, முதன்முறையாக, முகம். அவ்வளவுதான். வசனம் இல்லை.

வழக்கம்போல முன்கூட்டியே பார்த்து முடித்த சுளகர் என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டனுப்பினார். முகம் சரியில்லை.

"தம்பி, இவ்வளவு நாளும் நான் மறைச்ச துண்டுகளாலை ஒரு படமாவது கெட்டதோ? இல்லை. வெந்நீர்க்காரி குளிக்காட்டிலும் உலகம் தப்பித்தான் இருக்கும். அதாலை மனச்சாட்சியோடை மறைச்சன். இதிலை ஆட்டத்தை மறைச்சா கட்டில் செத்துப்போம். ஆட்டத்தை வாய் பிளந்து பாத்தவனுக்குத்தானே கட்டிலிலை வெக்கம் வரும்?"

எது கலை, எது ஆபாசம் என்று பிரித்தறிய, தடித்த தடித்த புத்தகங்களில் நான் தேடிக்கொண்டிருந்த சோதனையை இவர் சுளகை வைத்துச் செய்து முடித்திருந்தார். வயிறு எரிந்தது.

"அப்ப மறைக்காதேங்கோ அண்ணை" என்றேன்.

"மண்டபம் போயிடும். கோவில்காரரும் இனி என்னைக் கூப்பிட மாட்டினம். திருவிழா இல்லாமல் நான் ஆருக்கு லைற் கட்டுறது?"

தலைவர் செருப்பைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியது. பூவரசங்குளத்திலிருந்துகூட மோட்டார்சைக்கிள்களில் வந்திருந்தார்கள். செயலாளர் முன்வரிசையில். அவசரமாக வெளியேற வசதியாக நான் கதவோரத்தில். ஆட்டம் தொடங்கியது. சுளகர் சுளகைப் பாதி தூக்கி இறக்கினார். பிறகு சுளகு மேலே போனது, கெட்டிமேளம் முழங்கியது. செயலாளர் காலை நீட்டிக்கொண்டார். கௌசி தலையைக் குனிந்துகொண்டாள்.

அரை மணித்தியாலத்தில் கட்டில் காட்சி வந்தது. அவள் முழங்காலில் தைலம் தேய்த்தாள்.

"என்னப்பா, தைல விளம்பரமோ?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

படம் நின்றது. ரியூப்லைற்றுகள் எரிந்தன. சுளகர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். பழக்கதோஷத்தில் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் ஊதிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"சிரிச்சது உங்கடை பிழையில்லை. அந்த மனுசியை நீங்கள் சிரிக்கிறமாதிரி ஆக்கினது நான்தான். ஒரு துண்டை மறைச்சுப்போட்டன். அதைத் திருப்பிப் போடப்போறன். பாக்க விருப்பமில்லாத ஆக்கள் இப்ப எழும்பிப் போகலாம்."

ஒருவரும் எழும்பவில்லை. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

"என்ன விளையாடுறியளோ?" என்று செயலாளர் எழுந்தார். பரமேஸ்வரி அக்கா கடதாசியில் சுற்றிய கடலைச் சரை ஒன்றை அவர் கையில் வைத்து, "இருந்து பாருங்கோ தம்பி. எங்கடை மனுசன் இதைப் பாத்திட்டு மூண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை. என்ன கோதாரியெண்டு நானும் பாக்கத்தானே வேணும்" என்றா. அவர் திரும்பக் கதிரையில் இருந்தார்.

ஆட்டம் முழுசாக ஓடியது. பின்வரிசை விசிலடித்தது. தைல விளம்பரம் கேட்டவன்தான் ஆகச் சத்தமாக அடித்தான். பிறகு கட்டில் வந்தது. குதிக்கால். முழங்கால். இடுப்பு. விசில்கள் ஒவ்வொன்றாக நின்றன. முகம் வந்தபோது மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் கடலைச் சரையைப் பிரிக்காமலே வைத்திருந்தார்.

எல்லோரும் போனபிறகு அவர் சுளகரிடம் வந்தார்.

"நல்ல படம்."

"ஓம்."

"திறப்பை நாளைக்கே வேறை ஆளிட்டைக் குடுக்கப்போறன், என்னட்டை இருந்தா உங்களுக்குத் திறந்துவிட்டிடுவன். இனி இஞ்சை படம் இல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்ல படமெண்டு நீங்களே சொல்லுறியள்?" என்றேன்.

"நல்லதெண்டபடியாத்தான் பயமாக்கிடக்கு" என்றார் செயலாளர். "கூடாத படமெண்டா இந்த மனுசன் மறைச்சுப்போடும். நல்ல படத்தை நான் என்னெண்டு மறைக்கிறது?"

இதைவிட நேர்மையான ஒரு தணிக்கை அறிக்கையை நான் எங்கும் வாசித்ததில்லை.

அந்த வருடத் திருவிழாவுக்குக் கோவில்காரர் வேறிடத்தில் ஒலிபெருக்கி பிடித்தார்கள். சுளகர் கொட்டிலின் பின்சுவருக்கு வெள்ளை அடித்தார். இப்போது சனிக்கிழமைகளில் அந்தச் சுவரில் படம் ஓடுகிறது. பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளின்மேல் குந்தியிருந்து பார்க்கிறோம். கௌசி தானே கீறிய இரண்டு நிமிடப் படம் ஒன்றையும் போன மாதம் அங்கே போட்டாள். சுளகர் அதில் ஏழு பிழை கண்டுபிடித்தார்.

நான் இப்போதும் நிறையப் படிக்கிறேன், நிறையப் பேசுகிறேன். ஆனால் படம் ஓடும்போது சுவரைப் பார்ப்பதைவிட அதிகமாக அந்த மனுசனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எந்த இடத்தில் இளகுகிறதோ அந்த இடத்தை வீட்டுக்குப் போய் இன்னொருமுறை பார்ப்பேன்.