எர்த் போட ஆள் இல்லை

முதலில் பேச வந்தவர் மைக்கைப் பிடித்து, “அவரைப் போல ஒரு மனுஷன்” என்று ஆரம்பித்தார். அடுத்து வந்தது வார்த்தையில்லை, ஒரு அலறல். துக்கம் தாங்கவில்லை போலும் என்று முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைக் செட்காரருக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. பின்வாசல் வழியாக வெளியே ஓடிவந்தார்.

“மைக் ஷாக் அடிக்குது. எர்த் போட்டீங்களா இல்லையா?”

வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், ஜெனரேட்டர் ஓட்டுகிற எர்த்துவிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது. அவருக்கு அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். ஜெனரேட்டர் எங்கே வந்து இறங்கினாலும், பக்கத்தில் ஒரு செம்புக் கம்பியை மண்ணுக்குள் அடித்து, மெஷினோடு ஒயரால் இணைக்காமல் சாவியைத் தொடமாட்டார். தப்பிப் போகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க வேண்டும், மனுஷனைத் தேடிப் போகக் கூடாது என்பார். பெயரை வைத்தது அவருடைய அண்ணன். உள்ளே மேடையில் படமாக இருப்பதும் அதே அண்ணன்தான்.

இருவரும் ஒன்றாகத்தான் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டார்கள். அண்ணன் அவசரக்காரர். ஒரு கல்யாணத்தில், கம்பி அடிக்கும் முன்பே மெஷினை ஓட்டிவிட்டார். தம்பி போய் நிறுத்தினார். மாப்பிள்ளையும் பெண்ணும் இருட்டில் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் அண்ணன் கத்தினார்: “அந்தக் கம்பியைக் கட்டிக்கிட்டு நீ தனியாவே பொழைச்சுக்கோ.”

தம்பி அன்றைக்கென்று சொல் பேச்சுக் கேட்டார். கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். தொழிலில் அவருக்குக் கிடைத்த பங்கு அது ஒன்றுதான். பிறகு பேச்சு இல்லை. அண்ணன் செத்த அன்று தெருமுனை வரை வந்தார். அங்கிருந்தே திரும்பிவிட்டார். எந்த முகத்தோடு போவது?

அப்புறம்தான் அண்ணி போன் செய்தாள். “இரங்கல் கூட்டத்துக்கு ஜெனரேட்டர் இருக்கு தம்பி, எர்த் போட ஆள் இல்லை.”

வேலைக்குத்தானே போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்தார். அண்ணனின் பழைய மஞ்சள் மெஷின் மண்டபத்துக்குப் பின்னால் நின்றது. அதே கம்பியை அடித்தார், ஓட்டினார். மண்டபத்துக் காவலாளி, “உள்ளே சுவிட்சை ஜெனரேட்டர் பக்கம் நான் திருப்பிக்கிறேன்” என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எர்த்து மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கிற தைரியம் அவரிடம் இல்லை.

இப்போது மெஷினைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். துளி ஷாக் இல்லை. “ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கட்டுமா?”

பக்கத்தில் வந்து நின்ற காவலாளி பதறிப்போனார். “ஐயோ, நிறுத்தாதீங்கண்ணே. கூட்டம் நடக்குது.”

சரி, இன்னொரு கம்பி அடிப்போம் என்று சம்மட்டியை எடுத்தார். கம்பி பாதிதான் இறங்கியது, தண்ணீர்க் குழாய் உடைந்து மேலே பீய்ச்சி அடித்தது. டீ போடுகிறவர் காலிப் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

“குழாய்ல சொட்டுத் தண்ணி வரலை.”

“எல்லாம் இங்கதான் வருது. எர்த்துக்கு ஈரம் நல்லது.”

“டீக்கும் நல்லதுதான்” என்றார் அவர்.

பழைய துணியைச் சுற்றிக் குழாயை அடைத்தார். மைக் செட்காரர் உள்ளே போய்விட்டு வந்தார். “இன்னும் அடிக்குது. இப்ப பேசுறவர் கைக்குட்டையால பிடிச்சிருக்காரு.”

எர்த்து சமையலறையிலிருந்து உப்பை வாங்கிக் கம்பியடியில் கொட்டினார். உப்பும் ஈரமும் சேர்ந்தால் மண் கரண்டை நன்றாக வாங்கும். மண் வாங்கியது, மைக் விடவில்லை. உள்ளே சாப்பாட்டில் உப்பில்லை என்று ஒரு தனிப் புகார் கிளம்பியது.

கடைசியாகத் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை எடுத்து, மைக் செட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் வைக்கச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் கிளம்பியது.

“யார்கிட்டயும் கோபமே பட்டதில்லை” என்றார் பேசியவர்.

“ம்ம்ம்” என்றது ஸ்பீக்கர்.

“தம்பி மேல உயிரையே வச்சிருந்தாரு.”

“ம்ம்ம்.”

வெளியே எர்த்து சம்மட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அண்ணன் ஒப்புக்கொள்கிற மாதிரியே இருந்தது. சிரிப்பு வந்தது.

“கம்பியிலிருந்து நேரா உங்க ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு ஒரு ஒயர் இழுத்துக் கட்டுங்க” என்றார்.

மைக் செட்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இனிமே நான் எதையும் தொடமாட்டேன். நீங்களே வந்து கட்டுங்க.”

வேறு வழியில்லை. சேற்றுக் காலோடு, ஒயர்ச் சுருளைப் பிரித்துக்கொண்டே எர்த்து மண்டபத்துக்குள் நுழைந்தார். பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்காமல் மேடையேறி, டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, பெட்டியின் திருகில் ஒயரை முறுக்கிக் கட்டினார். இரைச்சல் அடங்கியது.

நிமிர்ந்தால் எதிரே படம். படத்தில் அண்ணன் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணி.

“நீங்களே தொட்டுப் பாருங்க தம்பி” என்று மைக்கை நீட்டினாள்.

பிடித்தார். ஷாக் இல்லை. பழக்கதோஷத்தில் வாயருகே கொண்டுபோனார்.

“ஹலோ... ஹலோ, மைக் டெஸ்ட்...”

மண்டபம் முழுக்க அவர் குரல் கேட்டது. படத்தைப் பார்த்தார்.

“அண்ணே” என்றார். மேடையிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அண்ணி அவர் தலையில் கை வைத்தாள். அவளும் அழுதாள்.

கூட்டம் முடிந்து, உப்பில்லாத சாப்பாட்டை அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு முகம் கழுவிக்கொண்டு பின்பக்கம் போய், மஞ்சள் மெஷினை நிறுத்தினார்.

மண்டபத்தில் ஒரு விளக்கும் அணையவில்லை. காற்றாடிகள் தம் பாட்டுக்குச் சுற்றின.

எர்த்து மெஷினைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு காவலாளியைப் பார்த்தார்.

காவலாளி தலையைச் சொறிந்தார். “காலையிலேருந்து ஈ.பி. லைன் கரண்ட்தான் ஓடுதுண்ணே, சுவிட்சை நான் திருப்பவே இல்லை. ‘துக்கத்துக்குக் கூப்பிட்டா வீம்புல வரமாட்டான், எர்த் போட ஆள் இல்லைன்னு சொல்லு, ஓடி வருவான்’னு உங்க அண்ணன் படுக்கையில கிடக்கறப்பவே உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டுப் போனாராம்.”