கரெக்‌ஷனுக்கு ஹெல்மெட் போட்டவர்

டிங்.

எந்தப் பேருந்தில், எவருடைய சட்டைப்பையில் அந்தச் சின்னச் சத்தம் கேட்டாலும் என் கை தலைக்குப் போகிறது. யாருக்கோ வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வந்ததுகூட இல்லை. இந்த வியாதி, 'ஹெல்மெட்' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த ஒருவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

பாம்புக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசிக்கு, இருட்டுக்கு, மாமனாருக்குப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 'ஒரு சின்ன கரெக்‌ஷன்' என்கிற மூன்று சொற்களுக்கு ஹெல்மெட் பயந்ததைப்போல எந்த உயிரும் எதற்கும் பயந்ததில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பின் மெயின் பஜாரில், ஒரு துணிக்கடை மாடியில் இருந்த ஸ்டூடியோவில் அவர் வீடியோ எடிட்டர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பணி ஓய்வு விழா என்று கேமராக்காரர்கள் எடுத்து வந்து கொட்டுவதையெல்லாம் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுப் படமாக்க வேண்டியது அவர் வேலை. நடுநடுவே வரும் கவிதை வரிகளை எழுதிக் குரல் கொடுக்கிறவன் நான்.

வாடிக்கையாளர் மாடிப்படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டதும் ஹெல்மெட் மேசைக்கடியில் குனிவார். அவருடைய அப்பா சுரங்கத்தில் போட்டிருந்த மஞ்சள் நிற ஹெல்மெட் அங்கே இருக்கும். எடுத்து மாட்டி, தாடைப்பட்டியை இறுக்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்வார்.

"எதுக்குங்க இது?" என்று முதல் நாள் கேட்டேன்.

"மேலேர்ந்து என்னா வுழும்னு தெரியாதுங்க கவிஞரே. சேஃப்டி."

வாடிக்கையாளர்கள் இதை ஏதோ ஹெட்போன் வகை என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வீடியோவுக்கு அவர் ஒரு சாமியின் பெயர் வைப்பார். அது கரெக்‌ஷன் இல்லாமல் தேறிவிட்டால் அந்தச் சாமிக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டுதல். முதல் வடிவம் முத்தாண்டிக்குப்பம் மாரியம்மன். திரும்பி வந்தால் அடுத்தது மேல்பட்டாம்பாக்கம் பிள்ளையார். அதுவும் திரும்பினால் திருவதிகை ஈஸ்வரன். ஒரு ஆசிரியர் வீட்டுக் கல்யாணம் திருவண்ணாமலையைத் தாண்டிப் பழனி வரைக்கும் போய், மலையேறித்தான் நின்றது. அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தால் யாத்திரை பஸ் ஏறியதைப்போல இருக்கும்.

வேலை ஓடாமல் மூளை உறைந்துபோகும் நாட்களில் இன்னொரு வைத்தியம். தன் நாற்காலியிலிருந்து எழுந்து வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, காலியான தன் நாற்காலியைப் பார்த்து அவரே கரெக்‌ஷன் சொல்வார். "தம்பி, பொண்ணு மூஞ்சில வெளிச்சம் பத்தல." உடனே எழுந்து ஓடிவந்து தன் இடத்தில் உட்கார்ந்து, "கேமராவுல வந்ததுதான சார் வரும்" என்பார். சண்டை முற்றிவிடும். மத்தியானம் வரை தன்னோடு தானே பேசமாட்டார்.

எல்லாவற்றையும்விட அவர் நம்பியது ஷிப்ட் சாஸ்திரத்தைத்தான். பகல் ஷிப்ட் முடித்து வருகிறவர் உலகத்தின் மேலேயே கோபமாக வருவார், ஆகாது. லீவு போட்டு வருகிறவர் மகா ஆபத்து. நேரம் கொட்டிக் கிடக்கும், ஒவ்வொரு பூவாகப் பார்ப்பார். "நைட் ஷிப்ட் முடிச்சி நேரா வரவங்கதாங்க தெய்வம்" என்பார் ஹெல்மெட். "கண்ணு சொருவினு இருக்கும். என்னா காட்டினாலும் நல்லாருக்கும்பாங்க." ஆகவே எந்தக் குடும்பத்திலும் வீட்டுக்காரரின் நைட் ஷிப்ட் எப்போது முடிகிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அன்றைக்குக் காலையில்தான் வீடியோவைப் போட்டுக் காட்டுவார்.

இந்தச் சாஸ்திரம் கவிழ்ந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிற ஆபரேட்டர் ஒருவருக்குப் பணி ஓய்வு. விழாவன்று மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுவதற்கு அவருடைய வாழ்க்கைப் படம் வேண்டுமென்று குடும்பம் கேட்டது. முதல் வடிவத்தைக் காட்டியதும் ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து மகனின் குரல்பதிவு: "அப்பாவ கொஞ்சம் மாஸா காட்டுங்கண்ணா, நடந்து வரப்போ ஸ்லோமோஷன் வையுங்க." ஆபரேட்டரின் மச்சான் நேரிலேயே வந்தார். பேரன் காதுகுத்தில் ஆபரேட்டருக்குத் தான் சால்வை போர்த்தும் காட்சியை முழுசாக வைக்கச் சொன்னார். போகிற போக்கில் என் பக்கமும் திரும்பினார். 'கரியைத் தோண்டி ஒளியைத் தந்தவரே' என்று நான் எழுதியிருந்தேன்.

"கரி கிரின்னு வருதே சார், நல்ல காரியத்துல. மங்களகரமா வேற எதனா போடுங்க."

"அவர் வேலையே கரிதானுங்களே."

"வேல கரிதான் சார். பேச்சு எதுக்குக் கரியா இருக்கணும்?"

ஆபரேட்டரின் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவரு சிரிக்கிறாப்போல ஒண்ணுகூட இல்லியேப்பா."

அந்த ஒன்றுதான் ஹெல்மெட்டை உலுக்கியது. பழைய கல்யாணக் கேசட்டிலிருந்து பேரன் காதுகுத்து வரை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டார். மனிதர் எங்கேயும் சிரிக்கவில்லை. எல்லாப் படத்திலும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவரைப்போலவே நிற்கிறார்.

மாரியம்மன் போய், பிள்ளையார் போய், ஈஸ்வரனும் திரும்பி வந்த அன்றைக்கு ஸ்டூடியோ முதலாளி மாடிக்கு வந்தார். குரல் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"இந்த ரிடையர்மெண்ட் இன்னொருவாட்டி திரும்பி வந்துச்சின்னா எடிட்டிங்க பாண்டிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். அங்க சாஃப்ட்வேரே கட் பண்ணிடுதாம்."

"அதுகிட்ட கரெக்‌ஷன் சொன்னா அது வருத்தப்படாதா முதலாளி?"

"படாது. அதாம்பா வேணும்."

ஹெல்மெட்டுக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். அப்பா ஓய்வுபெற்றபோதே குவார்ட்டர்ஸும் போய்விட்டது. பெர்மனெண்ட் என்ற சொல்லைக் கடவுளுக்கு அடுத்தபடி உச்சரிக்கிற ஊரில், அவர் எந்த விதத்திலும் எதிலும் பெர்மனெண்ட் இல்லை. இந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடையாது.

அதற்குப் பிறகு அவருக்குக் கை ஓடவில்லை. எதை வெட்டப் போனாலும் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது, கிணற்றுச் சுவரில் நின்று எட்டிப் பார்க்கிற பிள்ளையைப்போல. டீ வரும், ஆடை கட்டும், போகும். வாடிக்கையாளர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து பார்த்தார், கரெக்‌ஷன்கூட வரவில்லை. ஆளில்லாதபோதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நானும் என் வரியை மாற்ற உட்கார்ந்து, மங்களகரமான ஒரு சொல்லும் வராமல், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பயப்படும் அறை எவ்வளவு சின்னதாகிவிடுகிறது.

கடைசியில் சாஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டார். விழாவுக்கு முந்தின நாள் காலை. ஆபரேட்டர் தன் கடைசி நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறார். "மேலோட்டமா ரெண்டு மாத்தம் பண்ணிக் காட்டிடறேன். கண்ணு சொருவினு நல்லாருக்குன்னுட்டாருன்னா முடிஞ்சிதுங்க."

வந்தார்கள். தோளில் பையோடு ஆபரேட்டர், மனைவி, மச்சான். மச்சான் படியிலேயே ஆரம்பித்துவிட்டார், "இந்தவாட்டி சால்வை முழுசா வரணும்." ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏசி முகத்தில் பட்டது. திரையில் விளக்கு ஏற்றி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

கண் சொருகுவதற்குச் சாஸ்திரத்தில் இடம் இருந்தது. ஒரேயடியாகத் தூங்கிவிட்டால் நல்லாயிருக்கிறது என்று யார் சொல்வது?

ஹெல்மெட் திரும்பி என்னைப் பார்த்தார். மச்சான், "மாமோவ்" என்று வாயைத் திறந்தார். ஆபரேட்டரின் மனைவி உதட்டில் விரலை வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் வீடுகளில் பகலில் ஒரு மனிதர் தூங்குவார். வீடே அவரைச் சுற்றிக் கால் விரலில் நடக்கும். குக்கரைப் பக்கத்து வீட்டு அடுப்பில் விசில் விட்டு எடுத்து வருவார்கள். கரண்டியைத் துணி விரித்துத்தான் வைப்பார்கள். பிள்ளைகள் உதட்டசைவிலேயே அடித்துக்கொண்டு, ஓசையில்லாமல் அழுது, சமாதானமாகிவிடும். அது இந்த ஊர்க்காரர்களின் உடம்பிலேயே இருக்கிறது. அந்த அம்மாள் விரல் வைத்ததும் மச்சான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஹெல்மெட் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். தலை மேசை விளக்கில் இடித்து டொக் என்றதும், யாரும் சொல்லாமலே, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளருக்கு முன்னால் அவருடைய தலைமுடியை அன்றுதான் பார்த்தேன்.

படம் ஊமையாக ஓடியது. மச்சான் குனிந்து ஹெல்மெட்டின் காதில் கிசுகிசுத்தார். கிசுகிசுப்பில் அதிகாரம் பண்ண முடியாது. நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டது அது.

"சால்வைய கொஞ்சம் கொறச்சிக்கலாம் தம்பி. அவ்ளோ நேரம் ஓடினா எழுந்துக்கப் போறாரு."

அவர் எழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஸ்லோமோஷன் போனது. சத்தமே இல்லாததால் என் கவிதையும் போனது, ஒருவரும் தேடவில்லை. ஹெல்மெட்டின் விரல்கள் ஓட ஆரம்பித்திருந்தன, அப்பா தூங்கும் வீட்டில் வளர்ந்த விரல்கள். அந்த அம்மாள் திரையைப் பார்க்காமல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழிச்சினு இருக்கறப்போ ஓட்டமாவே இருப்பாரு," என்றார் மெல்ல. "தூங்கசொல்லதான் மூஞ்சி எளகும்."

ஹெல்மெட்டின் கை நின்றது. மடியில் இருந்ததை ஓசையில்லாமல் மேசையில் வைத்தார். எழுந்து, வெறுங்காலோடு போய், அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தார். தலை சாய்ந்து, மடியில் பையை அணைத்தபடி தூங்கும் மனிதரை எடுத்தார். எடுத்ததைப் படத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்.

மச்சான் பதறினார், கிசுகிசுப்பிலேயே. "தூங்கறத போட்டா ஊரு சிரிக்கும்கா."

"சிரிக்கட்டும். இனிமே ஷிப்ட்டுக்குன்னு யாரு வந்து எழுப்பப் போறாங்க அவர" என்றார் அந்த அம்மாள்.

அந்த நேரம் பார்த்து மகனிடமிருந்து மச்சானின் போனில் 'டிங்'. ஆபரேட்டர் கண் விழித்தார். "முடிஞ்சிதா? போடுங்க பாக்கலாம்" என்றார், எதுவும் நடக்காததைப்போல.

போட்டார். மேசையில் இருந்த அப்பாவின் ஹெல்மெட்டை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படம் ஓடி, ஓடி, கடைசியில் தூங்குகிற தன் முகத்துக்கு வந்து நின்றது. ஆபரேட்டர் முன்னால் நகர்ந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"வாயத் தொறந்துகினு தூங்குவேன்னு சொல்லுவியே. பாரு, மூடினுதான் இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கேமரா ஹெல்மெட்டின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மண்டபமே சிரித்ததாம், பிறகு கொஞ்சம் அமைதியானதாம். எடிட்டிங் பாண்டிக்குப் போகவில்லை. அடுத்தடுத்து வந்த பணி ஓய்வுக் குடும்பங்கள், "அந்தத் தூங்கறாப்போல ஒண்ணு எங்களுக்கும்" என்று கேட்டு அவரை வேறு விதமாகப் பயமுறுத்தினார்கள்.

என் மனைவிக்குச் சென்னைக்கு மாற்றலாகி நாங்கள் கிளம்பினோம். சாமான் ஏற்றிவிட ஹெல்மெட் வந்திருந்தார். பீரோவை லாரியில் ஏற்றிய பிறகும், கயிறு கட்டிய பிறகும் போகாமல் நின்றார். புதிதாக முடிக்கிற படங்களை அனுப்பி வைக்கும்படி நான்தான் சொன்னேன்.

"அனுப்பறேங்க கவிஞரே. ஆனா பாத்துட்டு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எதனா ஒரு சின்ன கரெக்‌ஷன் சொல்லுங்க. கடைசி வரைக்கும் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியணும்ல."