ஆடிக்குத் தாய் வீடு போன கோழி

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. கோபம் வராத நேரத்திலும் பிறர் சொன்னதைக் கேட்டதில்லை. இதை நானே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மச்சான் குணா இன்னும் நாலு சேர்த்துச் சொல்வான்.

குணா என் மனைவி செல்வியின் அண்ணன். செராமா வளர்ப்பவன். செராமா என்றால் உள்ளங்கையில் நிற்கிற குட்டிக் கோழி. மார்பைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, அன்றுதான் சம்பளம் வாங்கின ஆள் மாதிரி நிற்கும். போட்டியில் மேசைமேல் ஏற்றி மார்க் போடுவார்கள். குணாவின் சேவல் ஈப்போவில் இரண்டு கோப்பை வாங்கியது. என்னிடம் நல்ல பெட்டை இருந்தது, சேவல் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்ப விருந்தில், "அடுத்த போட்டியில என் வீட்டுக் குஞ்சு மேசை ஏறலன்னா மீசைய எடுத்துர்றேன்!" என்று கத்திவிட்டேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

பாவம் பார்த்துக் குணாவே சேவலைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"மாப்ள, போட்டி தை மாசம், சீனப் பெருநாளுக்கு முன்னாடி. குஞ்சுக்கு அஞ்சு மாசமாவது ஆவணும். இந்த வாரமே ஜோடி போட்டுருங்க. அடுத்த மாசம் சேவல் இறகு உதிர்க்கும். அப்புறம் பெட்டைய திரும்பிக்கூட பாக்காது."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. எனக்குப் புரியவில்லை. அன்று ஆடி ஒன்று. முன்பு வேறொருவர் சேவலோடு பெட்டையைச் சேர்த்தபோது முட்டையெல்லாம் கூமுட்டை. நாள் பார்க்காததுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

"செல்வி, ஆடியில புதுசா ஜோடி சேக்கலாமா?"

அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். "சேக்கக்கூடாது. பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க."

அது கிண்டல். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் புரிந்திருக்கும், என்னைத் தவிர.

"கோழிக்கு ஏது அம்மா வீடு?" என்று நின்று யோசித்தேன். "சரி, உங்கம்மா வீடு இருக்குல்ல!"

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பெட்டையைக் கூடையில் வைத்துக் காரை எடுத்துவிட்டேன். பாகான் செராயில் இருக்கிற மாமியார் வீடு வரைக்கும் அதற்கு ஏர்கோன். (செல்விக்குக்கூட நான் அவ்வளவு குளிர் வைத்ததில்லை.) மாமியார் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நல்லாத்தான இருக்கீங்க?"

"ஆடி முடியிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும் அத்தை. சம்பிரதாயம்."

இங்கே என் வீட்டில் சேவல் தினமும் தொண்டை கட்டும் வரை கூவியது. ஆடிக் கடைசியில் மாமியார் போன் செய்தார்.

"கூண்டுல அடைச்சா சாப்புட மாட்டுது மாப்ள. வயல் பக்கம் தொறந்து விட்டேன். இப்ப நல்லா பழகிருச்சு லா."

யாரோடு பழகியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆவணி பிறந்ததும் கைத்தொலைபேசியில் நல்ல நேரம் பார்த்து, பெட்டையை அழைத்துவந்து, குங்குமம் வைத்துக் கூண்டுக்குள் விட்டேன். சேவலின் வால் அதற்குள் தரையில் கிடந்தது. மாப்பிள்ளை மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் பெட்டை ஆறு முட்டை இட்டது. ஆறும் குஞ்சு பொரித்தன. 'நாள் பார்த்ததன் பலன்! சிலருக்கு அவசரம்தான் தெரியும்' என்று குடும்ப வாட்சப்பில் போட்டேன்.

மறுநாளே அந்தச் 'சிலர்' வந்தான். ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கழுத்தைத் தடவினான்.

"மாப்ள, என் சேவலுக்குக் கழுத்துல இறகு இருக்குல்ல?"

"இருக்கு."

"பெட்டைக்கு?"

"அதுக்கும் இருக்கு. இப்ப என்ன?"

"ஆறுக்கும் ஏன் கழுத்து மொட்டையா இருக்கு?"

"இன்னும் வளரல!" என்று கத்தினேன்.

"இது வளராது. எங்கம்மா வீட்ல ஒரு மொட்டைக் கழுத்து நாட்டுச் சேவல் திரியுது. முழியப் பாருங்க, அச்சு அசல் அவனேதான்."

செல்வி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஆனால் மீசை? நான் சொன்னது மேசை ஏறுவதைத்தான், ஜெயிப்பதை அல்ல. பிடிவாதமாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போனேன். மற்றவையெல்லாம் மார்பைத் தூக்கி நின்றன. என்னுடையது மேசை விரிப்பைக் கிளறிப் புழு தேடியது. நடுவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கழுத்து இறகு எங்கே அண்ணே என்று மலாயில் கேட்டார்.

"வெயிலுக்குக் கழற்றி வைத்திருக்கிறது" என்றேன் எரிச்சலில்.

மீசை தப்பியது. மானம் தப்பவில்லை.

எல்லார் வீட்டிலும் குழந்தை பிறந்தால் மூக்கு யார் சாயல் என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் கழுத்தைப் பார்க்கிறார்கள். போன மாதம் என் பேத்தி பிறந்தபோதும் குணா தலைமையில் வரிசையாக வந்தார்கள். அத்தனை பேரையும் திட்டி வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன்.

பிறகு நானே மெதுவாகப் பேத்தியின் தாடையைத் தூக்கிப் பார்த்தேன்.