காமனை நான் எரித்த லட்சணம்

ஒரு கதையை ஒருவன் ஒழுங்காகப் படம் எடுத்துவிட்டால், வேறு எவனும் அந்தக் கதையின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. (கோபத்தில்தான் சொல்கிறேன்.) போன வாரம் என் மகன் என்னையும் என் மனைவியையும் இரத்தினபுரிக்கு ஒரு கலர்ப் படம் பார்க்கக் கூட்டிப் போனான். முன்பு கறுப்பு வெள்ளையில் பார்த்த அதே கதை. பழைய படத்தில், புருஷன் செத்த செய்தி வந்ததும் கதாநாயகி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். கொட்டகையே அழும். புதுப் படத்தில் அதே செய்தி நீச்சல் குளத்தில் வைத்து வருகிறது. எது கண்ணீர், எது குளத்துத் தண்ணீர் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? இதைச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்திலிருந்த என் மனைவி அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தப் படத்துல எரியுமாங்க, எரியாதாங்க?" என்றாள். என் மகன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தே போனான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதை அஞ்சலை கண், காது, மூக்கு வைத்து மாவட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். கேட்டவர்கள் எல்லோரும் பார்த்தது அவள் எடுத்த புதுப்படம். அசல் பிரதி என்னிடம் இருக்கிறது. இதோ.

எங்கள் தோட்டம் கஹவத்தைக்கு மேலே, ரப்பர் மலை. அப்போது நான் அங்கே சின்னக் கணக்கப்பிள்ளை. ரப்பர் பால் வாளிகளை நிறுக்கிற வேலை. என் தாய்மாமன் கருப்பையா அங்கே பெரிய கங்காணி. அவர் மகள் அஞ்சலையை எனக்குத்தான் என்று பேசி, பங்குனியில் கல்யாணம் என்று முடிவும் செய்திருந்தார்கள். அந்த வருஷம் என்னைப்போல் சந்தோஷமான மனுஷன் அந்த மலையில் இல்லை. (தான் அளவுக்கு மிஞ்சிச் சந்தோஷப்படவில்லை என்று அஞ்சலை இப்போது சொல்கிறாள். நம்பவேண்டாம்.)

மாசி மாதம் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். வைக்கோல் சுற்றிய கம்பத்தைக் காமனாக நட்டு, கையில் காப்புக் கட்டி, ரதி மதன் வேஷம் போட்டு ஆடுவோம். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார், காமன் எரிவான். காமனை எரித்துக் காப்பை அவிழ்க்கும்வரை வீட்டில் நல்ல காரியம் பேசக்கூடாது. இதில் இரண்டு கட்சி உண்டு. காமன் எரிந்து சாம்பலானான் என்பது எரிந்த கட்சி. ஆசைக்குரிய சாமி எப்படி எரிவான், எரிந்திருந்தால் நீயும் நானும் எப்படிப் பிறந்தோம் என்று கேட்பது எரியாத கட்சி. இரண்டு பக்கமும் லாவணி பாடிச் சண்டை போடுவார்கள். எரிந்த கட்சிக்குத் தலைவர் என் மாமா. கூத்து வாத்தியாரும் அவரே. எரியாத கட்சிக்கு, தோட்டத்தின் கீழ்ப்பகுதிக் கங்காணி முத்துசாமி. வருஷா வருஷம் பாடுவார்கள், ஒருவரும் ஜெயித்தது கிடையாது. அதனால்தான் வருஷா வருஷம் பாட முடிந்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன். மீசை அரும்பாத வயதில் கஹவத்தையில் ஒரு கூடாரத்தில் பேசாத படம் பார்த்தேன். காமன் கதைதான். திரைக்குப் பக்கத்தில் மாவனல்லையைச் சேர்ந்த காசிம் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) கையில் பிரம்போடு நின்று கதை சொல்வார். எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, ஊர்ச் சிங்கள ஆட்களைப் பார்த்து "மென்ன பலன்ன!" என்று பிரம்பை நீட்டுவார். இதோ பாருங்கள் என்று அர்த்தம். அந்தக் குரலுக்குப் பார்க்காத மாடுகூடப் பார்க்கும்.

காமன் வில்லை வளைத்துக்கொண்டு நிற்கிறான். சிவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. திடீரென்று காமன் நெஞ்சில் ஒரு பழுப்புப் புள்ளி. அது விரிகிறது. ஓரமெல்லாம் கொப்புளித்துச் சுருள்கிறது. காமன், வில், கைலாசமலை எல்லாம் உருகி வழிந்து வெறும் வெளிச்சமாகி, பிறகு ஒரே இருட்டு. கருகிய வாடைகூட வந்தது! கூடாரமே எழுந்து நின்று அரோகரா போட்டது. காசிம் நானா பேச்சு மூச்சில்லாமல் நின்றார். அவருக்கே விளக்க வார்த்தை வரவில்லை. அதோடு எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே, அதற்குமேல் காட்ட என்ன இருக்கிறது?

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணம் பேசிய பிறகு, அதே கதை பேசும் படமாக இரத்தினபுரிக்கு வந்தது. மாமா என்னையும் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். அங்கே நடந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. காமன் வில்லை எடுத்தான், பாடினான். நாணேற்றினான், பாடினான். நெற்றிக் கண் திறக்க ஆரம்பித்தது. காமன் கையெடுத்துக் கும்பிட்டு இன்னொரு பாட்டைத் தொடங்கினான். சிவபெருமான் கண்ணைப் பாதியில் நிறுத்திவைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார்! சரி, எரிந்து தொலைந்தான் என்று பார்த்தால், சாம்பலுக்குள்ளேயிருந்து சரணம் வருகிறது. நெருப்பு என்று பேருக்குக் கொஞ்சம் சாம்பிராணிப் புகை. புகை விலகினால் ஒரு பிடிச் சாம்பல். எங்கள் லயத்து வீட்டு அடுப்பில் அதைவிட அதிகம் கிடக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா பாட்டுடா மாப்ளே! இந்த வருசம் நம்ம கூத்துல அத்தனையும் சேத்துருவோம்."

"மாமா, அது காமனில்ல, கிராமபோன் பொட்டி. பேசாத படத்துல எரிஞ்சானே, அவன்தான் காமன். நீங்க அதப் பாக்கல."

"பேசாத படத்துல என்னாடா இருக்கு? ஊமைக் கூத்து."

"ரெண்டு படத்தையும் தூக்கிச் சாப்புடுற மாதிரி மூனாவதா ஒன்ன நான் காட்டுறேன். நம்ம பிரட்டுக்களத்துலயே காட்டுறேன். பாட்டே கெடையாது. எரியிற கட்டத்த எங்கிட்ட விட்டுருங்க."

பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். முன் ஆசனத்தில் முத்துசாமிக் கங்காணி வேறு இருந்தார். மாமாவுக்கு மறுக்க வழியில்லை. "செய்டா, பாப்போம்" என்றார். அஞ்சலை ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மச்சான், கம்பத்துல இருக்கறது வைக்கோலு. ஒரு நெருப்புப்பெட்டி போதாதா?" என்றாள். பெண்பிள்ளைக்குக் கலை என்ன தெரியும் என்று நினைத்தேன். (இந்த வரியை அவள் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.)

என் திட்டத்தில் இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிரட்டுக்களம் என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானம். அதன் மேட்டில் ஒரு பலாமரம். அங்கே சிவன் வேஷத்தில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலாயுதம். மரத்திலிருந்து கீழே காமன் கம்பம்வரை ஒரு கம்பி. மண்ணெண்ணெயில் ஊறிய துணிப்பந்து நெற்றிக் கண்ணிலிருந்து கிளம்பி, கம்பி வழியாக ஓடிவந்து காமன் நெஞ்சில் பாயும். இப்படி ஒரு காட்சியை எந்தப் படக் கம்பெனியாவது யோசித்திருக்கிறதா?

பௌர்ணமி வந்தது. வழக்கமாக நிலா கிளம்பும்போதே மாமா சூடத்தை வைப்பார். கண் மூடித் திறப்பதற்குள் காமன் முடிந்துவிடுவான். அன்றைக்கு நான் காசிம் நானாவைப்போல ஒரு பிரம்பை எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். காமன் யார், அவன் தகப்பன் யார், தேவர்களுக்கு என்ன கஷ்டம். தமிழில் சொன்னதை எல்லாம் கீழே கிராமத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சிங்களத்திலும் சொன்னேன். கேட்பதற்கு அவ்வளவு ஆட்கள் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததே இல்லை. எப்படி நிறுத்துவேன்?

மேகம் கூடியது. மாமா கண்ணைக் காட்டினார். நான் தேவலோகத்தில் இருந்தேன். பெண்கள் கூட்டத்திலிருந்து அஞ்சலை ஒரு நெருப்புப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இடி இடித்தது. "கேளுங்க, தேவர்கள் முரசு கொட்டுறாங்க!" என்றேன். கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டல்தான் என் குடியைக் கெடுத்தது.

கடைசியில், "சிவன் முழிச்சிட்டாரு! மென்ன பலன்ன!" என்று பிரம்பை நீட்டினேன். வேலாயுதம் பந்தைப் பற்றவைத்துத் தள்ளினான். ஆகா, என்ன அழகாக வந்தது! பாதிவழி வந்தது. அங்கே கம்பி தொய்ந்திருந்தது. பந்து நின்றுவிட்டது. நேர் கீழே உட்கார்ந்திருந்த முத்துசாமிக் கங்காணி அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார். அப்போது கொட்டியது பாருங்கள் ஒரு மழை. பந்து ஸ்ஸ் என்று அணைந்தது. வைக்கோல் தொப்பலாக நனைந்தது. மாமா ஓடிப்போய்ச் சூடம் வைத்தார், மண்ணெண்ணெய் ஊற்றினார், தலைப்பாகையை அவிழ்த்துப் பிடித்து மழையை மறைத்தார். காமன் கொஞ்சம் புகைந்தான். எரியவில்லை.

"எரியலே! கண்ணால பாத்துக்கங்கப்பா, காமன் எரியலே!" என்று முத்துசாமிக் கங்காணி துண்டைச் சுழற்றிக் குதித்தார். எரியாத கட்சி முழுவதும் மழையில் ஆடியது. கிராமத்து ஆட்கள் "பிச்சுணே நே!" என்று அதையே சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். காலம் காலமாகத் தீராத வழக்கை ஒரே மழையில் தீர்த்து வைத்த பெருமை எனக்குச் சேர்ந்தது.

நனைந்த தலைப்பாகையைப் பிழிந்தபடி மாமா சொன்னார்: "எரியாத காமன வச்சிக்கிட்டு இந்த வருசம் என் வீட்டுல நல்ல காரியம் கெடையாது. அடுத்த வருசம் நடக்கும். ஆனா மாப்ள நீயில்ல."

அந்த ஒரு வருஷமும் மாமா என்னோடு பேசவில்லை. என் அம்மா தன் அண்ணனிடம் போய் அழுதும் பார்த்தாள், நடக்கவில்லை. அஞ்சலை பால் வாளியை நிறுக்க வரும்போது தராசை மட்டும் பார்த்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நிலையிலும் பேசும் படத்தின்மேல் இருந்த கோபம் மட்டும் குறையவில்லை. அது வராமல் இருந்திருந்தால் நான் ஏன் அதை வெல்லக் கிளம்பியிருப்பேன்?

அடுத்த மாசியில் காமன் ஒழுங்காக எரிந்தான், நெருப்புப்பெட்டியால். உடனே, கரவனெல்லப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பேச்சு அடிபடுகிறது, இன்னும் வெற்றிலை பாக்கு மாற்றவில்லை, ஆனால் மாமா மகளோடு கஹவத்தைக்குக் கூறைச் சேலை பார்க்கப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கடை வாசலில் கால் வைக்கிறேன், உள்ளே ஒரு குரல், யாரோ ஒரு சிங்கள அம்மாவுக்குச் சேலையை விரித்து, "மென்ன பலன்ன!" என்கிறது. தாடி வைத்திருந்தார்; ஆனால் அதே காசிம் நானா. கடவுளே சாட்சியை அனுப்பிவிட்டார்!

"நானா! கூடாரத்துல காமன் படம் காட்டுனீங்களே! அந்தக் காமன் எப்படி எரிஞ்சான்னு எங்க மாமாவுக்கு நீங்களே சொல்லுங்க!"

நானா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"எந்தக் காமன் தம்பி? அண்டைக்கி எரிஞ்சது பிலிமு. மிசினுக்குள்ள சிக்கிட்டு பத்திக்கிட்டு. கூடாரமும் பத்திக்குமோ எண்டு நான் பேச்சில்லாம நிண்டேன். மொதலாளி அந்த ஆட்டத்தோட என்னய வூட்டுக்கு அனுப்பிட்டாரு. காமன் எரியிற கட்டம் அடுத்த பிலிமுப் பொட்டியில ஈந்திச்சு. அத ஒத்தரும் பாக்கவே இல்ல."

மாமா சேலைக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரிக்கிறார்.

"இத நம்பியாடா எங் காமன மழையில நனையவிட்டே? பிலிமு எரிஞ்சதுக்கா அரோகரா போட்டே?" மூச்சு வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். "இவன வெளியில விட்டா அடுத்தவன் தோட்டம் என்னாத்துக்கு ஆகும்? நம்ம வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்மா. என்னா சொல்ற?"

அஞ்சலை ஒரு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நானாவிடம் திரும்பி, "எடுத்து வச்ச அந்தச் செகப்புச் சேலையவே கட்டிக் குடுங்க நானா. மாப்ளதான் மாறியிருக்கு" என்றாள்.

கல்யாணத்தன்று முத்துசாமிக் கங்காணி எழுந்து ஒரு புது லாவணி பாடினார். எரிந்த கட்சி ஒன்று, எரியாத கட்சி ஒன்று, படம் எரிந்த கட்சி ஒன்று. மூன்றாவது கட்சிக்கு மாப்பிள்ளை ஒருத்தரே தலைவர், அவரே தொண்டர் என்று. இன்றைக்கும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அந்த அடியைப் பாடாமல் முடிப்பதில்லை. என் பேரப்பிள்ளைகளும் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். வெட்கங்கெட்ட பிள்ளைகள்.

பாடட்டும். நான் கேட்கிறேன், நடிப்பாக எரிந்த எந்தக் காமனாவது அப்படி எரிந்தானா? என் கட்சியிலிருந்து நான் விலகப்போவதில்லை.

போன வாரம் இரத்தினபுரியிலிருந்து திரும்பும்போதும் பஸ்ஸில் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த நீச்சல் குளத்துப் படத்தை நான் எடுத்தால் எப்படி எடுப்பேன், செய்தி வரும்போது அவள் எங்கே நிற்பாள், எங்கே மழை வரும் என்று விவரமாகச் சொன்னேன். அஞ்சலை கேட்டுக்கொண்டே வந்தாள். மழை என்றதும் வெற்றிலைப் பையைத் திறந்து, ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.