மீசை வைத்த ஆயாம்மா

இரும்புக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்று உலகத்திலேயே முதன்முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ஆயாம்மாதான். ஆயாம்மா என்றதும் பால்வாடியில் கஞ்சி ஊற்றுகிற அம்மாளை நினைத்துவிடாதீர்கள். காதுவரை மீசை வைத்த ஆறடி ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் ஆர்டர் வாங்கிப் போடுகிற வேலை எனக்கு. அங்கே புதிதாக வந்திறங்கிய காற்று உளிக்கு இவர்தான் பொறுப்பு. அதைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்ததால் பட்டறையே சேர்ந்து வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

காற்று உளி கையில் பிடிக்கிற சின்னக் கருவி. கம்ப்ரசரிலிருந்து டியூப் வழியாகக் காற்று வந்தால் உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி, உளியை டர்ரென்று கல்லில் அடிக்கும். தினமும் டியூபை மாட்டும் முன் அதன் வாயில் ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும். ஆயாம்மா விடும்போது நாங்கள் மூச்சு காட்டக்கூடாது. "புள்ளக்கி பொரை ஏறிக்கும்" என்பார்.

கம்ப்ரசர் தொட்டியின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திறந்தால், காற்றிலிருந்த ஈரமெல்லாம் தண்ணீராகிப் பீய்ச்சும். "பாத்தியா, மூக்கு ஒழுகிகினே கீது" என்று எங்களிடம் காட்டுவார். டியூபில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்பினால் அங்கே ஓட்டை. அதற்கு அவர் வைத்த பெயர் வாயுத்தொல்லை. மழைக்காலத்தில் உளிக்குக் குரங்குக் குல்லா போட்டுவிட்டார். டூரிஸ்ட்டுகள் சிலைகளை விட்டுவிட்டு அதை போட்டோ எடுத்தார்கள். கேலி கிடக்கட்டும், உளி ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை, அந்தப் பிள்ளையார் வரும்வரை.

செய்யூர் பக்கம் ஒரு கோயிலுக்கான பிள்ளையார். மறுநாள் காலை லாரி வந்துவிடும். பீடம் பாக்கி இருந்தது, கையுளியில் கொத்தினால் வாரக்கணக்காகும். மத்தியானம் காற்று உளி டொக்... டொக் என்று முனகிவிட்டு அப்படியே நின்றுபோயிற்று. முதலாளி வந்தார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும், அதுதான் எங்களுக்குப் பயம்.

"ஆயாம்மா, நாளைக்கு லாரில புள்ளையார் போவணும். இல்லன்னா நீ போ."

ஆயாம்மா தண்ணீரை வடித்தார். சோப்பு தடவினார். ஜலதோஷமும் இல்லை, வாயுவும் இல்லை. உளியை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். முதலாளி அதைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"இன்னாய்யா வாசன இது?"

"வெளக்கெண்ண, மொதலாளி."

"வெளக்கெண்ணயா? எதுக்கு?"

"காலையிலேந்து முக்கிகினு இருந்திச்சி. மலச்சிக்கல்னு நெனச்சி ஒரு பாலாடை ஊத்திட்டேன்."

பட்டறையில் அத்தனை கையுளிகளும் நின்றன. முதலாளி பிள்ளையார் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

கழற்றிப் பார்த்தால், பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு பிஸ்டன் நகர மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெயில் அலசி, துடைத்து, காற்றடித்து உலர்த்தி, மெஷின் எண்ணெய் ரெண்டே சொட்டு விட்டு டியூபை மாட்டினார்கள். ஒரு தும்மல் போட்டது. அப்புறம் டர்ர்ர். ஆயாம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "கத்திட்டான்யா" என்றார்.

பிள்ளையார் காலையில் லாரி ஏறினார். ஆயாம்மாவின் வேலை தப்பியது, ஆனால் இனி உளியைத் தொடக்கூடாது என்று அவரை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். அங்கிருந்தே கத்துவார்: "எண்ண வுட்டாச்சா? தண்ணி வடிச்சாச்சா? குல்லா எங்க?" சிலை வாங்க வந்தவர்கள் மிரண்டு திரும்பிப் போனார்கள். கடைசியில் முதலாளியே உளியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தார். "எட்த்துக்கய்யா உம் புள்ளய. வெளக்கெண்ண மட்டும் வேணாம்."

ஆயாம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. இப்போதும் திருவிடந்தைப் பக்கம் டயர் கடையில் காற்றில் ஓடுகிற அந்த நட்டு கழற்றும் கருவி டர்ரென்றால், "காலையில எண்ணெய் விட்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். ஆயாம்மா இல்லாத குறைக்கு, பிள்ளையை யாராவது விசாரிக்க வேண்டாமா?