அண்ணி உருவிய இறால் குடல்கள்

ஒரு பொருளின் மேல் பேர் எழுதி ஒட்டாதவனுக்கு விஞ்ஞானியாகும் யோக்கியதை கிடையாது. இதை நான் நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில், ஆரணியில் எங்கள் வீட்டுச் சமையலறையில், வயிறு நிறைந்த நிலையில் கற்றுக்கொண்டேன்.

கடலில் பிடித்த இறாலின் குடலில் என்னென்ன பாக்டீரியா வாழ்கிறது, பண்ணைக் குட்டையில் தீனி போட்டு வளர்த்த இறாலின் குடலில் என்னென்ன வாழ்கிறது என்று ஒப்பிடுவதுதான் என் புராஜெக்ட். மறுநாள் முதல் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதத்துக்கு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கடைசிப் படகில் வந்த இறால் பதினைந்து, பண்ணை இறால் பதினைந்து என்று ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினேன். கல்லூரி ஆய்வகம் பூட்டியிருந்தது (முன்கூட்டியே போன் செய்து கேட்கும் பழக்கமெல்லாம் அப்போது எனக்கு இல்லை). ஐஸோ உருகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கே வந்துவிட்டேன்.

ஒரு தட்டில் கடல், இன்னொன்றில் பண்ணை. முதல் குடலை இழுத்தேன், அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. அண்ணன் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டுத்தறியில் அறுந்த இழையைப் பார்க்காமலே முடிச்சுப் போடுகிறவர் அவர். தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். அறுந்துவிடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். எது கடல், எது பண்ணை என்று சொல்லவில்லை. எழுதியும் வைக்கவில்லை. அதுதான் என் மண்டையில் இருக்கிறதே.

குளித்து வந்தால் இறால் தொக்கு மணந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் (விஞ்ஞானிக்குப் பசிக்காதா?) குடலைப் பார்க்கப் போனேன். ஈரத்துணியில் இருபத்தெட்டுக் குடல்கள். ஒன்றுகூட அறுபடவில்லை. வெளிர்பழுப்பில் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாக இருந்தன. அசந்துபோனேன்.

"எது எந்தத் தட்டோடது அண்ணி?"

"தட்டா? நான் கலர் பாத்துப் பிரிச்சிட்டேன் தம்பி. ஷேடு கலந்துட்டா அப்பறம் பேஜாரு இல்லீங்களா."

பட்டு நெய்கிற வீட்டில் அதுதான் முறை. சாயம் இம்மி மாறினாலும் ஒரே நூல்கட்டுக்குள் வைக்கமாட்டார்கள். அடையாளம் காட்டியிருக்கக்கூடிய இறால்களோ என் வயிற்றில் இருந்தன. படிப்பே போச்சு என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. குடல்களை ஐஸில் வைத்திருந்தோம். ஆய்வகம் திறந்த அன்று, தப்பு தன்னுடையது என்று சொல்ல என்னோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். என்னைத் திட்ட வாயெடுத்த பேராசிரியை, குடல்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, இவ்வளவு முழுசாக எடுத்தது யார் என்று கேட்டார். ஒன்றைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கடலா பண்ணையா என்று யாருக்கும் தெரியாத குடல். உள்ளே வாடாமல்லியும் ரோஸுமாக, எண்ண முடியாத அளவுக்கு உயிர்கள். பரீட்சைக்காக மட்டுமே அவற்றைப் படித்திருந்த எனக்கு அன்றுதான் உடம்பு சிலிர்த்தது. அண்ணி கண்ணை எடுக்கவே இல்லை.

"இத்தினூண்டு குடலுக்குள்ள இவ்ளோ பேரு குடும்பம் நடத்திகினு இருக்காங்களே தம்பி," என்றார்.

தடைக்காலம் முடிந்து மறுபடி இறால் வாங்கினோம். அண்ணி குடல் உருவினார், நான் பேர் எழுதி ஒட்டினேன். பட்டம் ஆறு மாதம் தாமதமாக வந்தது. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிற யாராவது என் படிப்பைப் பற்றி விசாரித்தால், நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொள்வார்.

"ஆராய்ச்சி பண்ணது எங்க வீட்டம்மாங்க. இவன் அதைத் துன்னவன்."